தப்பே செய்யாத ஆடிட்டர்

என் ஓரகத்தியும் நானும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். அவர் மாடியில், நான் கீழே. ஒரே மொழி நிலையத்தில் வேலை பார்க்கிறோம், எதிரெதிர் அறைகளில். இருவரும் சொல்லிக்கொடுப்பதும் ஒரே பாடம், சீன மொழி. இரண்டு பெண்கள் எலியும் பூனையுமாக இருக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

எங்களைக் கட்டிக்கொண்ட அண்ணன் தம்பி இருவரும் விவரமானவர்கள். நாங்கள் சேர்ந்தாற்போல் வீட்டுக்குள் நுழைந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, சோப்பு விளம்பரத்தைக்கூடக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள்.

நிலையத்தில் அவர் பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர். வீட்டில் நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை என்னவென்று கூப்பிடுவார் என்பது அன்றைய கோபத்தைப் பொறுத்தது. அக்கா சீனத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். நானும் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் எனக்கு அந்த மொழியில் வாய் திறந்தது சின்ன வயதில், பக்கத்து வீட்டுச் சீனப் பெண்களோடு போட்ட சண்டையில். சண்டை போடும்போது யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

அக்காவின் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். ஒரு வாக்கியம் மனதுக்குள் முழுசாகச் சரியாக வந்த பிறகுதான் வாயை விட்டு வெளியே வர வேண்டும் என்பது அவர் சட்டம். தப்பு வந்தால் அவருடைய ஆள்காட்டி விரல் மேலே போகும். அங்கே படிக்கும் பல் டாக்டர் ஊரார் வாயையெல்லாம் திறக்கவைக்கிறவர். அந்த விரலைப் பார்த்தால் தன் வாயைப் பட்டென்று மூடிக்கொள்வார். அதே வகுப்பில் ஓர் ஆடிட்டரும் இருந்தார். வந்து சேர்ந்ததிலிருந்து ஒரு தப்புகூடச் செய்ததில்லை என்று அக்கா அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவார்.

என் வகுப்பில் இடி விழுந்தாலும் கேட்காது. பிளம்பர், நர்ஸம்மா, வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் ஒருவர் என்று எல்லாம் கைவேலைக்காரர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டுச் சாயங்காலம் சீனம் படிக்க வருவார்கள். எங்கள் இரண்டு வகுப்பிலும் இருந்தவர்கள் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அங்கேதான் சிக்கல்.

சீனத்தில் 'பா' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. ஒரு பொருளை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்தோம் என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பொருளை முன்னால் இழுத்து, அதற்கும் முன்னால் 'பா'வை நிறுத்தி, அப்புறம்தான் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். முதலில் கோப்பை, பிறகு வைப்பது, கடைசியில் மேசை. தமிழ் பேசுகிற நமக்குப் பொருளை முன்னால் சொல்வது தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலக்காரர்களின் நாக்கோ வேலையை முதலில் சொல்லிவிட்டுத்தான் பொருளைத் தேடும். 'பா' என்றதும் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர்கள் மாதிரி முழிப்பார்கள்.

கரும்பலகையில் எழுதிப் போட்டு இதை நான் புரியவைத்ததே இல்லை. என் வகுப்பில் ஒருவர் கட்டளை போட வேண்டும், இன்னொருவர் சாமானைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். வாளியைக் கதவுக்குப் பின்னால் வை என்று சொல்ல நினைத்த பிளம்பர், கதவை வாளிக்குள் வை என்று சொல்லிவிட்டார் ஒருநாள். நர்ஸம்மா பொறுப்பானவர். கதவுக்குப் பக்கத்தில் போய்க் கீல் எப்படிக் கழலும் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதிர் அறைக் கதவைத் திறந்து அக்கா எட்டிப் பார்த்து முறைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டைரக்டர் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கட்டடத்துக்காரர் ஒரு ரூமைத் திருப்பிக் கேக்கறாரு. அடுத்த பருவத்துக்கு ஒரே ரூம், ஒரே கிளாஸ், ஒரே டீச்சர். யாருன்னு நான் சொன்னா ஓரவஞ்சனைன்னு சொல்வீங்க. பல்கலைக்கழகத்துலேருந்து ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். அவரு சோதிச்சுப் பார்த்துச் சொல்லட்டும்."

அந்தச் சத்தமான அறைதான் என் உயிர். வீட்டில் நான் மருமகள், மனைவி, கீழ் வீட்டுக்காரி. அந்த அறைக்குள்தான் நான் நானாக இருந்தேன். அது போனால் சாயங்காலங்களில் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வந்தவர் நடுத்தர வயதுக்காரர், நல்ல மனுஷர். ஆங்கிலம் பேசுகிறவர்கள் சீனத்தின் கஷ்டமான இடங்களை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. யாராவது பதில் சொல்லத் தயங்கினால் உடனே கடிகாரத்தை அமுக்குவார். காப்பி வேண்டுமா என்று கேட்டு நான் பதிலுக்குக் காத்திருந்தபோதுகூடத் தன் தயக்கத்தைத் தானே அளந்தார் என்று நினைக்கிறேன். முதல் நாளே அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்துவிட்டேன்.

சோதனை எளிமையானது. திரையில் ஒரு கை தெரியும். நாற்காலி மேலிருந்த கோப்பையை எடுத்து மேசைமேல் வைக்கும். புத்தகத்தைப் பைக்குள் போடும். குடையைக் கதவோரம் சாய்க்கும். பார்த்ததைச் சீனத்தில் சொல்ல வேண்டும், அவர் பதிவு செய்துகொள்வார். 'பா' வாக்கியத்தில் யார் குறைவாகத் தப்பு செய்கிறார்களோ அந்த வகுப்புக்கு வெற்றி.

முடிவைச் சொல்ல டைரக்டர் அம்மாவின் அறையில் கூடினோம். ஸ்டாப்வாட்ச் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரிய டீச்சர் வகுப்புல 'பா'வுல ஒரு தப்புகூட இல்ல. சுத்தம். சின்ன டீச்சர் வகுப்புல..." என்று இழுத்தார். "கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா?" என்றேன்.

"நெறைய."

அக்கா என் பக்கம் திரும்பி, ரொம்பக் கரிசனமாகச் சொன்னார். "விடு, நீயும் எவ்வளவுதான் கத்துவ. கொஞ்ச நாள் வீட்டுல இருந்து தொண்டைக்கு ரெஸ்ட் குடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தோற்றதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அந்தக் கரிசனம்தான் உச்சந்தலைவரை எரிந்தது. ஒரு தப்புகூட இல்லையா? பிறந்ததிலிருந்து சீனம் பேசுகிறவர்களே அவசரத்தில் தடுமாறுவார்கள், இந்தப் பல் டாக்டர் தடுமாறவே இல்லையா?

"எனக்கு அவங்க பேசினதைக் கேக்கணும்," என்றேன். "இப்பவே போடுங்க."

"என்னை நம்பலியா நீ?" என்றார் அக்கா.

"காதுன்னு ஒண்ணு எதுக்குக்கா இருக்கு? போடுங்க சார்."

ஸ்டாப்வாட்ச் பதிவைப் போட்டார். பல் டாக்டரின் குரல், கண்ணாடி மாதிரித் தெளிவான சீனத்தில் வந்தது. கோப்பை மேசைமேல் இருக்கிறது. புத்தகம் பைக்குள் இருக்கிறது. குடை கதவோரம் இருக்கிறது. அடுத்து ஆடிட்டரின் குரல். கோப்பை மேசைமேல் இருக்கிறது. புத்தகம் பைக்குள் இருக்கிறது. அடுத்தவரும் அதே.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். எல்லாம் இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. எடுத்த கை எங்கே? வைத்த ஆள் எங்கே? அந்த வகுப்பில் ஒருவர்கூட 'பா'வைத் தொடவே இல்லை. பாதையில் பாம்பு கிடந்தால் சுற்றிக்கொண்டு போவோமே, அப்படி அத்தனை பேரும் நைசாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

நான் நாற்காலியைவிட்டுக் குதித்து எழுந்தேன். "சார்! சைக்கிள்லயே ஏறாதவனைப் பார்த்து, இவன் ஒரு தடவகூடக் கீழ விழலன்னு கப்பு குடுப்பீங்களா?"

ஸ்டாப்வாட்ச் என்னைப் பார்த்தார், பதிவுக்கருவியைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. "அட ஆமா! நான் தப்பை மட்டும்தானே எண்ணிட்டிருந்தேன். யாரு 'பா'வே சொல்லலன்னு எண்ணலியே! அடடா! எத்தனை வருஷமா இப்படியே எண்ணிட்டிருக்கேன்!" முகமெல்லாம் சந்தோஷம். தன் வாழ்நாள் வேலையில் பெரிய ஓட்டை இருப்பது தெரிந்து ஒரு மனுஷர் இவ்வளவு குஷியாகி நான் பார்த்ததில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்காவின் முகம்தான் சிவந்துவிட்டது. "என் பிள்ளைங்க பயந்தாங்கொள்ளிங்கன்னு சொல்றியா?"

"நான் சொல்லலக்கா. அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க."

"அவங்களுக்கு 'பா' நல்லாத் தெரியும். தேவைப்பட்டா சொல்வாங்க."

"அப்ப தேவைப்பட வெச்சுப் பார்ப்போம்!" என்று ஸ்டாப்வாட்ச் கைதட்டினார். "நாளைக்கே! நாளைக்கே!"

மறுநாள் என் அறையின் நடுவே ஆளுயர அட்டைத் தடுப்பு ஒன்றை நிறுத்தினார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் மாணவர், அந்தப் பக்கம் ஒரு மேசை, நாற்காலி, சில சாமான்கள், ஓர் ஆள். மாணவர் திரையில் பார்த்ததை வாயால் சொல்லி அந்த ஆளைச் செய்யவைக்க வேண்டும். அந்த ஆள் சொன்னதைச் செய்யலாம், புரியாவிட்டால் சீனத்தில் கேட்கலாம், தானாக ஊகித்து எதையும் செய்யக் கூடாது. வகுப்புக்கு ஒரு மாணவர்தான். டைரக்டர் அம்மா ஒரு வேலை செய்தார். என் மாணவருக்கு அக்கா தடுப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும், அக்காவின் மாணவருக்கு நான்.

"ரெண்டு பேரும் அடுத்தவங்களுக்கு உதவ மாட்டீங்கன்னு எனக்கு முழு நம்பிக்கை இருக்கு," என்றார்.

முதலில் என் பிளம்பர். வந்ததுமே ஆரம்பித்துவிட்டார். 'பா' கோப்பை வை! எங்கே வைப்பதென்று சொல்லவில்லை. அக்கா லேசுப்பட்டவரா? கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே, எங்கே என்று சீனத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டார். மேசை! 'பா' மேசை! ஐயோ, இல்லை! 'பா' கோப்பை, வை, மேசைமேல்! டொக்கென்று கோப்பை மேசைமேல் உட்கார்ந்த சத்தம் கேட்டது. குடைக்கும் இதே கூத்து. புத்தகத்தை முதலில் நாற்காலிக்குள் போடச் சொன்னார். ஆனால் கடைசியில் எல்லாம் அதது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என் பிளம்பரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்து ஆடிட்டர். நான் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கோப்பையை ஸ்டாப்வாட்ச் மறுபடி நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆடிட்டர் நிதானமாக, அழகான உச்சரிப்பில் சொன்னார். "கோப்பை மேசைமேல் இருக்கிறது."

"இல்லையே," என்றேன் சீனத்தில். "நாற்காலிமேல்தான் இருக்கிறது."

ஆடிட்டர் இன்னும் தெளிவாக, "கோப்பை மேசைமேல் இருக்கிறது."

"நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே. நாற்காலிமேல் இருக்கிறது."

டைரக்டர் அம்மா சிரிப்பை அடக்க இருமுவது கேட்டது. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். அறை எனக்கு, வகுப்பு எனக்கு, மாடி வீட்டைப் பார்த்துத் தலைநிமிர்ந்து நடக்கலாம். கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தடுப்பின் அடியிலிருந்த இடைவெளியில் ஆடிட்டரின் ஷூக்கள் தெரிந்தன. பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூக்கள். வலது ஷூவின் முனை மேலே எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பியது. குதிக்கலாமா வேண்டாமா என்று கிணற்று விளிம்பில் நிற்கும் பையனின் கால் மாதிரி இருந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். விதி தெரியும், சொல் தெரியும், எது எங்கே வரவேண்டும் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும். தப்பாகிவிடுமோ என்ற ஒரே பயம்தான் குறுக்கே நின்றது.

"பா..." என்றார் மெதுவாக. நிறுத்திவிட்டார்.

என் கட்டிய கைகள் தானாக அவிழ்ந்தன.

"பா... கோப்பை..."

ஷூ முனை அப்படியே அந்தரத்தில் நின்றது. இந்த மனுஷர் சொல்லாமல் விட்டால்தான் எனக்கு வாழ்வு. ஆனால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்க, சொல்லித் தொலைங்களேன் என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"பா கோப்பை மேசைமேல் வை!"

கத்தியேவிட்டார். வைப்பதைக் கடைசியில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டார், அச்சு அசல் நம்ம தமிழ் மாதிரி. சீனத்தில் அது தப்பு. 'வை'யின் தொனியும் தப்பு. மூக்கால் பேசினதுபோல் இருந்தது. ஆனால் எடுத்து வை என்று ஒரு மனுஷர் இன்னொரு மனுஷியிடம் அந்த மொழியில் சொல்லிவிட்டார்! நான் கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்த வேகத்தில் உள்ளே இருந்த தண்ணீர் என் சட்டையெல்லாம் தெறித்தது.

"வெச்சுட்டேன்! வெச்சுட்டேன்!" என்று கூவிக்கொண்டு எழுந்து ஓடினேன். தடுப்பைச் சுற்றிக்கொண்டு வரப் பொறுமை இல்லை. நான் மோதிய மோதலில் அட்டைத் தடுப்பு மடாரென்று விழுந்தது. ஆடிட்டர் எதிரே நின்றிருந்தார். முகம் குப்பென்று சிவந்திருந்தது. மேசைமேல் இருந்த கோப்பையை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாயிலிருந்து வந்த தப்பான சத்தம் ஒரு கோப்பையை நகர்த்திவிட்டதை அவரால் நம்ப முடியவில்லை.

"டெஸ்ட் கெட்டுப்போச்சே!" என்றார் ஸ்டாப்வாட்ச். ஆனால் அவரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு ஆடிட்டரை யாராலும் நிறுத்த முடியவில்லை. அணை உடைந்துவிட்டது. 'பா' குடை, 'பா' புத்தகம் என்று ஆரம்பித்து, திரையில் வராததையெல்லாம் சொல்லத் தொடங்கினார். என்னை ஜன்னலை மூடவைத்தார். ஸ்டாப்வாட்சைப் பார்த்து அவருடைய கடிகாரத்தைப் பைக்குள் போடச் சொன்னார். சீனம் நன்றாகத் தெரிந்த அந்த ஆராய்ச்சியாளர் பள்ளிக்கூடப் பையன் மாதிரிப் போட்டார். கடைசியில் டைரக்டர் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மேசைமேல் வைக்கச் சொன்னார். அந்த அம்மாவுக்குச் சீனம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் ஆடிட்டர் கையைக் காட்டிய வேகத்தைப் பார்த்துக் கழற்றி வைத்துவிட்டார். எதுவும் சரியான வாக்கியம் இல்லை, ஆனால் எல்லாம் நடந்தது!

அக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். எப்போதும் மேலே போகும் அந்த விரல் கீழேயே இருந்தது.

டைரக்டர் அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அவரிடம் கேட்டார். "பெரிய டீச்சர், உங்க ஸ்டூடண்ட் இப்ப எத்தனை தப்பு பண்ணாரு?"

அக்கா ஆடிட்டரையே பார்த்தார். பிறகு, "எண்ணலம்மா," என்றார். "எண்ணத் தோணல. கிளாஸை இவளுக்கே குடுத்துருங்க."

டைரக்டர் அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. பிளம்பர் எனக்கும் சேர்த்துக் கத்தினார். என் கண் மட்டும் அக்கா பின்னாலேயே போயிற்று. அக்கா எதிர் அறைக்குப் போய் மேசை டிராயரைத் திறந்து தன் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைப்பது திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது. இலக்கணப் புத்தகம், தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு. அந்த 'பா'வும் அதன் விதியும் ஆடிட்டர் மண்டைக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தன? நானா வைத்தேன்? என் வகுப்பில் இருந்திருந்தால் அவர் முதல் வாரமே ஓடியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆடிட்டரும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிர் அறையின் வாசலில் போய் நின்று, அக்கா உட்காரும் மர நாற்காலியைக் காட்டி, பிறகு என் அறையைக் காட்டி, ஊரே கேட்கும்படி ஒரு வாக்கியம் சொன்னார். டீச்சருடைய நாற்காலியை அந்த அறைக்குள் வை. அதில் எத்தனை ஓட்டை இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

அக்கா பையைக் கையில் பிடித்தபடி நின்றார். ஆடிட்டரைப் பார்த்தார். அவர் தலைக்குமேல் எட்டி என்னைப் பார்த்தார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது அந்தக் கண்கள் கேட்டன.

"அவரு சொல்றது புரியுதுல்லக்கா?" என்றேன். "அப்புறம் என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க?"

டைரக்டர் அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு வழியைவிட்டு ஒதுங்கி நின்றார்.

"கனமா இருக்குடி," என்றார் அக்கா. "நீயும் ஒரு பக்கம் பிடி."

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கதவில் இடிக்காமல் கொண்டுபோகச் சொல்லி ஆடிட்டர் பின்னாலேயே தப்புத் தப்பாகக் கட்டளை போட்டுக்கொண்டு வந்தார்.